ஆனைமலைச் சோலைகளில் இலையற்ற பூஞ்சையுண்ணிச் செடிகளைக் கண்டறிதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலையோ பச்சை நிறமோ இல்லாமல், சருகுக்கு நடுவே வெளிறிய தண்டாக எழுந்து, பூத்துக் காய்த்துச் சில வாரங்களில் மறைந்துவிடும் செடிகள் சில நம் மேற்கு மலைகளில் இருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதில்லை. மண்ணில் வாழும் பூஞ்சைகளிடமிருந்து உணவைப் பெறுகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளிலிருந்து காடு பார்க்கச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் யானையையும் இருவாசியையும் தேடி மேலே பார்த்துக்கொண்டே நடப்பதால், காலடியில் இருக்கும் இச்செடிகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தாவரவியல் படிக்காதவரும் இவற்றைத் தேடிக் கண்டு, இன்னது என்று ஓரளவு தீர்மானித்து, பயன்படும் வகையில் பதிவு செய்ய முடியும். அதற்கான வழிமுறைகளை வரிசையாகக் கீழே தருகிறேன். இதில் உள்ள சிக்கல் ஒன்றுதான்: இச்செடியை உறுதி செய்யும் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது, ஆனால் மண்ணைத் தோண்டக் கூடாது. ஆகவே மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப் பழகுவதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

இச்செடி எதை உண்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளிப் பாடத்தில் இவ்வகைச் செடிகளை ‘மட்குண்ணி’ என்று படித்திருப்பீர்கள். செத்த இலையையும் மரத்தையும் இவை நேரடியாகச் செரித்து உண்பதாக அக்காலத்தில் கருதப்பட்டது. உண்மையில் அவ்வாறு மட்கைத் தாமே சிதைத்து உண்ணும் பூக்கும் தாவரம் எதுவும் இல்லை. போலந்து நாட்டுத் தாவரவியலாளர் காமியென்ஸ்கி, மோனோட்ரோபா என்னும் இலையற்ற செடியின் வேர் முழுவதும் பூஞ்சையால் போர்த்தப்பட்டிருப்பதைக் கண்டு, அதன் உணவு பூஞ்சை வழியாகவே வருகிறது என்று 1881-இல் எழுதினார். 1960-இல் சுவீடனைச் சேர்ந்த எரிக் பியோர்க்மன், கதிரியக்கக் கார்பன் கலந்த சர்க்கரையை ஊசியிலை மரங்களின் பட்டைக்குள் செலுத்தி, அதே கார்பன் சில நாட்களில் அருகிலிருந்த மோனோட்ரோபாவுக்குள் வந்து சேர்ந்ததைக் காட்டினார். மரத்துக்கும் செடிக்கும் இடையே வேர்த்தொடர்பு கிடையாது; இரண்டையும் இணைத்தது மண்ணிலிருந்த பூஞ்சையிழை மட்டுமே.

விவசாயக் குடும்பத்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. நாற்றங்காலுக்கும் மரக்கன்றுக்கும் நாம் வாங்கி இடுகிற ‘வேம்’ என்னும் உயிர் உரம் இத்தகைய வேர்ப்பூஞ்சையேதான். பூஞ்சை மண்ணிலிருந்து மணிச்சத்தையும் நீரையும் திரட்டி வேருக்குத் தருகிறது. பதிலுக்கு வேர் தன் சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் தருகிறது. பூஞ்சையுண்ணிச் செடி இந்தக் கொடுக்கல் வாங்கலில் எதையும் கொடுக்காமல் வாங்கிக்கொள்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலில் அடுத்த மடைக்குப் போகிற முறைத் தண்ணீரைக் கரையோரத்தில் குழாய் போட்டு எடுப்பது போன்றது அதன் பிழைப்பு.

எல்லாச் செடிகளும் ஒரே வகைப் பூஞ்சையைச் சார்ந்திருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள், ஏனெனில் தேடும் இடம் அதைப் பொறுத்தே மாறும். பர்மானியா, திஸ்மியா குடும்பங்களைச் சேர்ந்த சின்னஞ்சிறு செடிகள் உயிருள்ள மர வேர்களோடு வாழும் ‘வேம்’ வகைப் பூஞ்சைகளை நம்பியிருக்கின்றன. எபிபோகியம் ரோசியம் என்னும் இலையற்ற ஆர்க்கிட், செத்த மரத்தையும் சருகையும் மட்கச் செய்யும் குடைக்காளான் வகைப் பூஞ்சைகளிடமிருந்து உணவு பெறுகிறது. முதல் வகைக்கு உயிருள்ள மரங்கள் அடர்ந்த, கலையாத சோலை வேண்டும்; இரண்டாம் வகைக்கு மட்கும் மரக்கட்டைகள் நிறைந்த ஈரமான தரை போதும்.

உலகில் முற்றிலும் பூஞ்சையை நம்பி வாழும் பூக்கும் தாவரங்கள் சுமார் 500 இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய பாதி ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாடநூலில் படமாகப் பார்த்த வெள்ளை மோனோட்ரோபாவை ஆனைமலையில் தேட வேண்டாம். அது இந்தியாவில் இமயமலைப் பகுதிக்கும் வடகிழக்குக்கும் உரியது.

இடத்தையும் பருவத்தையும் தேர்ந்தெடுத்தல்

அடர்ந்த சோலையின் தரைக்கு வெயிலில் ஒன்றிரண்டு சதவீதமே வந்து சேர்கிறது. பச்சைச் செடிகள் முளைத்துத் தழைக்கத் தடுமாறும் அந்த இருட்டுதான் இலை தேவைப்படாத செடிக்கு வசதியான இடம். ஆகவே தேக்குத் தோட்டம், உண்ணிச்செடிப் புதர், வெயில் விழும் சாலையோரம் ஆகியவற்றை விட்டுவிட்டு, மரக்கிளைகள் மேலே ஒன்றோடொன்று கோத்து, தரையில் சருகு கணுக்கால் அளவு படிந்து, நடக்கும்போது காலடி ஓசை எழாத அளவுக்கு அது ஈரமாக இருக்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாப்சிலிப்பை அடுத்த கரியன் சோலையும், வால்பாறைப் பீடபூமியில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளும், கோவைக்கு மேற்கே சிறுவாணிப் பக்கத்துப் பசுமைமாறாக் காடுகளும் இத்தகையவை. சமவெளியில், குறிப்பாக மழை மறைவில் இருக்கும் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கங்களில், இவற்றைத் தேடுவதில் பயனில்லை.

இந்த வட்டாரத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1951-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தாவரவியல் மாணவர்கள் களப்பயணமாகப் பரம்பிக்குளம் சென்றபோது, அதுவரை யாரும் விவரிக்காத ஓர் இலையற்ற சிறு செடியைச் சேகரித்தார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஏரி ஷா அதை ஹாப்லோதிஸ்மியா எக்ஸானுலேட்டா என்று பெயரிட்டு, புதிய இனமாக மட்டுமல்லாமல் புதிய பேரினமாகவே வெளியிட்டார். அந்தப் பேரினத்தில் இன்றும் அந்த ஓர் இனம் மட்டுமே உள்ளது. அதன் பிறகு அச்செடியை எவரும் பார்க்கவில்லை. 2000-ஆம் ஆண்டில்தான் கேரள ஆய்வாளர்கள் அதே பரம்பிக்குளத்தில் அதை மீண்டும் கண்டார்கள். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சாலை வழியாகப் போவதென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப், ஆனப்பாடி என்று நம் பக்கமாகத்தான் போக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் இந்தச் செடியையே கண்டுவிடலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் நன்கு அறியப்பட்டதாக எண்ணப்படும் காட்டில்கூட ஒரு செடி அரை நூற்றாண்டு கண்ணில் படாமல் இருக்க முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை, மண் நனைந்து காளான்கள் முளைக்கத் தொடங்கும் நாட்களே தேடலுக்கு உரியவை. வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதம் தொடங்கி செப்டம்பர் வரை நிற்காமல் பெய்யும். அப்போது காட்டுக்குள் நடப்பதே சிரமம், பாதைகளும் பல நாட்கள் மூடப்பட்டிருக்கும். மழை சற்று ஓய்ந்து வெயிலும் சாரலும் மாறிமாறி வரும் புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலான காலம் புதியவர்களுக்கு ஏற்றது. கோடையின் முதல் மழைகளுக்குப் பின்னும் சில இனங்கள் தலைகாட்டும். மாசி, பங்குனியில் காடு காய்ந்து தீப்பருவம் தொடங்கிவிடுவதால் அனுமதியும் கிடைக்காது, செடியும் கிடைக்காது.

அனுமதியும் ஆயத்தமும்

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் காலால் நடந்து செல்வது குற்றம். காட்டு யானை நடமாடும் இடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது ஆபத்தும்கூட. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் டாப்சிலிப், சிறுவாணிப் பக்கத்துப் பாதைகள் சில இணையவழி முன்பதிவுக்குத் திறக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்குவது எளிது. ஆய்வு நோக்கில் பாதையை விட்டு விலகிச் செல்ல வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அது தனிநபருக்கு எளிதில் கிடைப்பதில்லை, கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனம் வழியாகத்தான் முயல வேண்டும்.

உடன் வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் போன்ற பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் லத்தீன் பெயரைச் சொல்லிக் கேட்பதில் அர்த்தமில்லை. “அண்ணா, இலையே இல்லாம மண்ணுல இருந்து நேராப் பூத்தண்டு மட்டும் வருமே, அப்படி ஏதாவது இந்த மழையில பார்த்தீங்களா?” என்று கேட்டு, செல்பேசியில் இரண்டு மூன்று படங்களைக் காட்டினால் போதும். வழக்கமாக யானை, காட்டெருமை பற்றியே கேள்வி கேட்கப்பட்டுச் சலித்திருக்கும் அவர்கள், செடியைப் பற்றிக் கேட்கும்போது காட்டும் ஆர்வமே வேறு. பாதை எதுவாக இருந்தாலும் அவர் நில் என்றால் நிற்பதும் திரும்பு என்றால் திரும்புவதும் கட்டாயம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறிய டார்ச், பதினைந்து சென்டிமீட்டர் அளவுகோல், நோட்டுப்புத்தகம், பென்சில், செல்பேசி அல்லது கேமரா ஆகியவை போதும். பேனா மழையில் கரைந்துவிடும் என்பதால் பென்சில்தான் சரி. அட்டைகளுக்காக முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை அணிந்துகொள்ளுங்கள். உப்பு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சருகின் மேல் தூவிக்கொண்டே போகும் வழக்கம் நாம் தேடிப் போகிற மண்ணுக்கே கேடு என்பதால் அதை விட்டுவிட வேண்டும். மண்வெட்டி, கரண்டி, பாலித்தீன் உறை எதுவும் பையில் இருக்கக் கூடாது. இருந்தால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

தேடும் முறை

பாதையின் இருபுறமும் ஓர் எட்டு தொலைவுக்குள் மட்டும் பாருங்கள். முழுக் காட்டையும் கண்ணால் துழாவ முயன்றால் எதுவும் தெரியாது. சில அடிகள் நடந்து, நின்று, குனிந்து, சருகின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வெளிறிய தண்டு காய்ந்த குச்சியோடு கலந்துவிடும், பக்கவாட்டில் பார்த்தால் நிமிர்ந்து நிற்பது தனியே தெரியும். டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் சதைப்பற்றுள்ள தண்டு மினுமினுக்கும். காய்ந்த குச்சி அப்படி மினுக்காது.

முதலில் காளான்களைத் தேடுங்கள். மட்கிய மரக்கட்டை, அதன் மேலும் சுற்றிலும் குடைக்காளான்கள், சருகு சற்று விலகிய இடத்தில் தெரியும் வெள்ளைப் பூஞ்சையிழை ஆகியவை இருக்கும் இடத்தில் கூடுதல் நேரம் செலவிடுவது தகும். நீரோடையை ஒட்டிய சரிவுகளிலும், பெரிய மரங்களின் பலகை வேர்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களிலும் சருகு ஆழமாகச் சேரும், அங்கும் பாருங்கள். ஆனால் சருகைக் கையாலோ குச்சியாலோ கிளறக் கூடாது. கிளறினால் பூஞ்சையிழை அறுபடும், இன்னும் மேலே வராத அரும்பு முறியும், அங்கே சுருண்டு கிடக்கும் குழிவிரியனும் தன் இடம் கலைந்ததை விரும்பாது.

கண்டபின்: தோண்டாமல் தீர்மானித்தல்

இலையில்லாத செடி ஒன்றைக் கண்டவுடன் அது பூஞ்சையுண்ணி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இலையின்றித் தரையிலிருந்து எழுபவை நம் மலைகளில் நான்கு வகை உண்டு, அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும்.

அது செடியா, காளானா என்பதே முதல் கேள்வி. விரல்களைப் போல வெள்ளையாகவும் மஞ்சளாகவும் எழும் பவளக்காளான்கள் தொலைவிலிருந்து பார்க்கச் செடியாகவே தோன்றும். கைலென்ஸால் தண்டைப் பாருங்கள். பூஞ்சையுண்ணிச் செடியின் தண்டில் இடைவெளி விட்டுச் சிறிய செதில்கள் ஒட்டியிருக்கும். இலையின் எச்சமான செதிலிலைகள் அவை. காளானில் அத்தகைய ஒழுங்கான செதிலும் இருக்காது, பூவும் அரும்பும் இருக்காது.

அடுத்து, அது இப்போது மட்டும் இலையில்லாமல் இருக்கிறதா, எப்போதுமே இலையில்லாததா என்று யோசிக்க வேண்டும். காட்டுக்கருணை முதல் மழைக்குப் பூவை முன்னே அனுப்பிவிட்டு இலையைப் பிறகு விடும். நெர்விலியா என்னும் தரை ஆர்க்கிட்டும் அப்படியே: பூத்தண்டு தனியாக வந்து வாடிய பின்னரே ஒற்றை இலை தரையோடு விரியும். இந்த நெர்விலியாதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. சுற்றிலும் பத்தடிக்குள் அதே இனத்தின் இலைகள் முளைத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், முடிந்தால் ஒரு மாதம் கழித்து அதே இடத்தை மீண்டும் பார்ப்பதும் இதற்கு வழி. தண்டின் நிறமும் உதவும். பச்சைச் சாயல் சிறிதளவு தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. பச்சையமில்லாமல் வாழ இரண்டு வழிகள் உள்ளன: பூஞ்சையிடமிருந்து வாங்குவது ஒன்று, மற்றொரு செடியின் வேரில் நேரடியாக உறிஞ்சுவேரைச் செருகிக்கொள்வது இன்னொன்று. இரண்டாம் வழியில் வாழ்பவை வேர் ஒட்டுண்ணிகள். பவானி, கோபி பக்கம் புகையிலை பயிரிடுபவர்கள் வயலில் முளைக்கும் புகையிலைக் காளானை அறிவார்கள். காளான் என்று அழைக்கப்பட்டாலும் அது பூக்கும் செடிதான், புகையிலையின் வேரைப் பிடித்து வாழ்வது. சோளத்தின் வேரை உறிஞ்சும் சுடுமல்லியும் ஒட்டுண்ணியே, ஆனால் அதற்குப் பச்சை இலைகள் உண்டு. காட்டில் இவற்றின் உறவினர்கள் உள்ளன. ஏகினீசியா புல் வேர்களில் ஒட்டி வாழும். இலையற்ற மொட்டைத் தண்டின் நுனியில் தலைகவிழ்ந்த ஊதாநிறக் குழல்பூ ஒன்று இருக்கும், அதன் புல்லிவட்டம் ஒரு பக்கம் கிழிந்த உறையாக இருக்கும். கிறிஸ்டிசோனியா குறிஞ்சி வகைப் புதர்களின் அடியில் கூட்டமாக முளைக்கும். உயரமான சோலைகளில் பலனோஃபோரா சிவந்த கதாயுத வடிவில் வேர்களின் மேல் எழும். அதைக் காளான் என்று எண்ணிக் கடந்து போகிறவர்களே மிகுதி.

வேரைத் தோண்டிப் பார்த்தால் எது எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தோண்டாமல் தெரிந்துகொள்ள ஒரு நம்பகமான கணக்கு இருக்கிறது. ஒருவித்திலைத் தாவரங்களில், அதாவது பூவின் உறுப்புகள் மூன்று மூன்றாக அமைந்த கூட்டத்தில், மற்றொரு செடியின் வேரில் உறிஞ்சுவேர் செருகி வாழும் இனம் உலகில் எங்கும் இதுவரை அறியப்படவில்லை. ஆகவே இலையும் பச்சையமும் அற்ற செடியின் பூவில் உறுப்புகள் மூன்றாகவோ ஆறாகவோ இருந்தால், அது பூஞ்சையுண்ணி என்று துணிந்து எழுதலாம். பூ ஐந்து மடல்களோடு குழலாக இருந்தால், நம் மலைகளில் அது பெரும்பாலும் வேர் ஒட்டுண்ணி. மோனோட்ரோபா போன்ற விலக்குகள் இரண்டாம் விதிக்கு உலகில் உண்டு, ஆனால் முன்னரே சொன்னபடி அது தென்னிந்தியாவில் இல்லை. பலனோஃபோராவின் பூக்கள் எண்ண முடியாத அளவுக்கு நுண்ணியவை என்பதால் அதை வடிவத்தை வைத்தே தனியே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

மூன்றின் கூட்டம் என்று உறுதியானால், ஆர்க்கிட்டா, பர்மானியா அல்லது திஸ்மியா குடும்பமா என்று பாருங்கள். ஆர்க்கிட்டில் ஆறு இதழ்களில் ஒன்று மற்றவற்றிலிருந்து வேறுபட்டு உதடாக அமைந்திருக்கும். மகரந்தத்தாள்கள் தனித்தனியே நீட்டிக்கொண்டிருக்காமல் சூல்தண்டோடு ஒன்றிய ஒரே தூணாக இருக்கும். காம்பு என்று தோன்றுவதே முறுக்கிய சூலகமாக இருக்கும். திஸ்மியா குடும்பத்தில் இதழ்கள் கீழே ஒன்றிணைந்து குவளையாகியிருக்கும். பர்மானியாக்களில் பூக்குழாயின் பக்கங்களில் சிறகு போன்ற விளிம்புகள் காணப்படும். ஈரமான புல்வெளிகளில் நீலச் சிறகுகளோடு பூக்கும் பர்மானியா ஒன்று நம் மலைகளில் பரவலாக உண்டு. அதற்குச் சிறிய பச்சை இலைகள் இருக்கின்றன, எனவே அது முழுப் பூஞ்சையுண்ணி ஆகாது.

இலையற்ற ஆர்க்கிட்டுகளில் புதியவர் காண வாய்ப்புள்ளவை இரண்டைச் சொல்கிறேன். எபிபோகியம் ரோசியத்தின் தண்டு உள்ளே கூடாகவும் தொட்டால் முறியும்படியும் இருக்கும். தொங்கும் பூக்கள் மங்கிய வெண்மையில், சிலவற்றில் இளஞ்சிவப்புச் சாயலோடு, ஒரே தண்டில் பலவாக வரும். கிழங்கில் சேர்ந்த உணவையெல்லாம் ஒரே வீச்சில் செலவழித்து மேலெழுந்து, பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொண்டு, மிக விரைவில் விதையைத் தூளாக உதிர்த்துவிட்டு அழுகிவிடும். இந்த வாரம் பார்த்ததை அடுத்த மாதம் காட்ட நண்பரை அழைத்துச் சென்றால் வெறும் சருகைத்தான் காட்ட முடியும். அஃபிலோர்கிஸ் மொன்டானா அதைவிட உறுதியானது. இடுப்புயரம் வரைகூட வளரும் அதன் தண்டில் ஊதா கலந்த பழுப்புக் கோடுகள் இருக்கும், வெளிர்மஞ்சள் பூக்கள் கீழிருந்து மேலாக வரிசையாகத் திறக்கும். ஒரே தண்டில் கீழே காயும் நடுவில் பூவும் நுனியில் அரும்புமாகக் காண முடிவதால் படிப்பதற்கு அதுவே வசதி.

படமும் குறிப்பும்

பெயர் சொல்லக்கூடியவர் நேரில் வரப்போவதில்லை, உங்கள் படத்தைத்தான் பார்க்கப் போகிறார் என்ற நினைவோடு படம் எடுங்கள். அளவுகோலுடன் முழுச் செடி, பூவின் முன்பக்கம், பூவின் பக்கவாட்டு, தண்டின் செதில்கள், காய் இருந்தால் காய், செடி நிற்கும் தரை, அருகிலுள்ள காளான்கள், அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மரக்கூரை ஆகிய எல்லாம் வேண்டும். வெள்ளைப் பூவை இருண்ட காட்டில் எடுக்கும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிப் பூவை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். செல்பேசித் திரையில் பூவின் மேல் விரலை வைத்து அழுத்தி வெளிச்சத்தைக் குறைத்த பின் எடுத்தால் இதழ்களின் வரி தெரியும். ஃபிளாஷைத் தவிர்த்து, பக்கத்தில் நிற்பவரை டார்ச்சின் முன்னே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிக்கச் சொன்னால் ஒளி மென்மையாக விழும். படத்துக்காகப் பக்கத்துச் செடிகளை ஒடிப்பதோ தரையில் முட்டி போட்டு இடத்தை மிதித்துச் சமன் செய்வதோ வேண்டாம். மண்ணுக்குள் இன்னும் பல தண்டுகள் வெளிவரக் காத்திருக்கலாம்.

நோட்டில் தேதி, இடத்தின் பெயர், உயரம், அண்மையில் பெய்த மழை, தண்டுகளின் எண்ணிக்கை, அவற்றில் எத்தனை அரும்பு, எத்தனை பூ, எத்தனை காய் நிலையில் உள்ளன என்பனவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். உயிருள்ள செடியின் நிறத்தையும் மணத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். இவை காய்ந்தால் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறிவிடுவதால் பின்னாளில் எந்த ஹெர்பேரியத் (உலர்செடி மாதிரி) தாளிலிருந்தும் அந்தத் தகவலைப் பெற முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை

வால்பாறையிலிருந்து திரும்பும்போது ஏதாவது ஒரு கன்றைக் கொண்டுவந்து தொட்டியில் வைப்பது நம் பக்கத்தில் பலருக்குப் பழக்கம். இந்தச் செடிகளில் அது செல்லாது. செடியைக் கிழங்கோடும் மண்ணோடும் எடுத்தாலும் அதற்கு உணவு தரும் பூஞ்சை அந்த மண்ணுக்கு வெளியே மரத்தோடோ கட்டையோடோ தொடர்புடையது. தொடர்பு அறுந்த பின் கிழங்கில் இருக்கும் சேமிப்பு தீரும் வரை செடி நிற்கும், பிறகு அழுகும். எந்த உரமும் எவ்வளவு கவனிப்பும் இதை மாற்றாது. சீனாவில் கேஸ்ட்ரோடியா என்னும் இலையற்ற ஆர்க்கிட்டை மருந்துக்காகப் பயிரிடுகிறார்கள் என்பது உண்மைதான். அதன் பூஞ்சை செத்த கட்டையில் வாழ்வது என்பதால், பூஞ்சை ஏற்றிய மரக்கட்டைகளைக் கிழங்கோடு சேர்த்துப் புதைத்து அதை வளர்க்க முடிகிறது. உயிருள்ள காட்டு மரத்தின் வேரிலிருந்து வாங்கி உண்ணும் செடிக்கு அந்த வழியும் இல்லை.

சட்டமும் இடம் தராது. காப்பகத்துக்குள்ளிருந்து எந்தத் தாவரத்தையும் எடுப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

செடி வளர்க்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. எல்லா ஆர்க்கிட்டுகளும், நர்சரியில் விற்கும் பச்சை இலை வகைகள் உட்பட, காட்டில் முளைக்கும் பருவத்தில் பூஞ்சையுண்ணிகளே. தூள் போன்ற அவற்றின் விதையில் சேமித்த உணவு இல்லாததால் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் கூழில் பூஞ்சையின்றியே விதையை முளைக்க வைத்துக் காட்டிய பிறகுதான் நர்சரித் தொழில் பெருகியது. எனவே தொட்டியில் ஆர்க்கிட் வேண்டுமானால் அப்படி வளர்த்து விற்கப்படுவதை வாங்கிக்கொள்ளலாம்.

பெயரை உறுதி செய்தலும் மீண்டும் செல்லுதலும்

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில் ஏற்றினால் பெரும்பாலும் பேரின அளவுக்காவது யாரேனும் பெயர் சொல்வார்கள். ஏற்றும்போது இருப்பிடத்தை மறைத்து வைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அரிய ஆர்க்கிட்டின் துல்லியமான இருப்பிடம் பொதுவில் தெரிந்தால் படம் எடுக்க வருகிறவர்களின் கால்களே அந்த இடத்தை அழித்துவிடும். அதே காரணத்துக்காக வாட்ஸ்அப் குழுக்களில் வரைபடக் குறியை அனுப்பாதீர்கள், குழு எவ்வளவு நல்லவர்களுடையதாக இருந்தாலும்.

பெயர் கிடைக்காமல் நிற்கும் செடிக்குக் கோவையிலேயே கேட்க இடம் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1955 முதல் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில்தான் மெட்ராஸ் ஹெர்பேரியம் உள்ளது. தென்னிந்தியத் தாவரங்களின் உலர்மாதிரிகளுக்கு அதுவே முதன்மையான காப்பிடம். ஆர்.எஸ்.புரம் பக்கம் வன மரபியல் நிறுவன வளாகத்தில் தாவரவியலாளர் ஃபிஷரின் பெயரைத் தாங்கிய ஹெர்பேரியமும், 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகமும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, எந்தச் செடியைப் பற்றிய ஐயம் என்பதையும் படங்களையும் இணைத்து நேரம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். பறித்த செடியைக் கையில் எடுத்துச் சென்றால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதன் பெயரைப் பற்றியதாக இருக்காது.

கண்ட இடத்துக்கு அடுத்த ஆண்டு அதே பருவத்தில் மீண்டும் செல்ல வேண்டும். இச்செடிகள் ஆண்டுதோறும் மேலே வருவதில்லை; மண்ணுக்குள் கிழங்காகவே பல பருவங்களைக் கழித்துவிடக்கூடும். ஆகவே எதுவும் காணாமல் திரும்பினாலும் அந்தத் தேதி, எவ்வளவு நேரம் எந்த அகலத்துக்குத் தேடினீர்கள், மழை எப்படி இருந்தது, காளான்கள் முளைத்திருந்தனவா, மரம் ஏதும் விழுந்து தரையில் வெயில் பட்டிருந்ததா என்பனவற்றை அதே நோட்டில் முந்தைய பதிவின் கீழே எழுதி, ‘காணவில்லை’ என்று குறித்துவிட்டு வாருங்கள். சில ஆண்டுகளின் பதிவுகள் சேர்ந்ததும் அந்தப் பக்கங்களின் நகலைத் தென்மண்டல மையத்துக்கு அனுப்பலாம்.